அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது?

பீரியட்ஸ் தள்ளிப்போகிறது என்று வரும் இளம்பெண்களிடம் இதைத் தவறாமல் கேட்பேன். "அம்பது இருக்கும் டாக்டர்" என்பார்கள், உத்தேசமாக. இல்லாவிட்டால், "அம்மாவுக்கு கர்ப்பப்பையை எடுத்துட்டாங்களே!"

முதல் பதிலைப் பார்ப்போம். மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிரந்தரமாக நிற்பது, மேலைநாடுகளில் சராசரியாக 51 வயதில் வருகிறது. நம் நாட்டில் 46, 47. அதற்குச் சில வருடங்கள் முன்பே உடல் மாறத் தொடங்கிவிடும்: சுழற்சி குழம்பும், தூக்கம் கெடும், காரணமே இல்லாமல் எரிச்சல் வரும், நடுராத்திரியில் வியர்க்கும். அதாவது நாற்பதை ஒட்டியே ஆரம்பிக்கலாம். 'அது பாட்டி வயசு சமாச்சாரம்' என்று நினைத்திருப்பவர்கள் அப்போது தைராய்டு, சுகர், வேலை டென்ஷன் என்று எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள், இதைத் தவிர.

இரண்டாவது பதில்தான் சிக்கலானது. நம்மூரில் அதிகப்படியான ரத்தப்போக்கு, கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்துவிடுவது சகஜம். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இன்னும் அதிகம். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதாமாதம் வருவது நிற்கும், ஆனால் சினைப்பைகள் தொடர்ந்து ஹார்மோன் சுரக்கும். மெனோபாஸ் பிறகுதான் வரும், சிலருக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே. இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் ஆபரேஷனோடு மெனோபாஸும் வந்துவிட்டது என்று அர்த்தம். முப்பத்தைந்து வயதில் அப்படி நடந்த அம்மாக்களுக்கு எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் ஹார்மோன் மாத்திரை தேவையா என்று யாரும் பேசியிருக்கவே மாட்டார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் கிடக்கும், எடுத்துப் பாருங்கள். இரண்டு சினைப்பைகளையும் எடுத்ததாக அதில் இருந்தால், அம்மாவின் எலும்பு அடர்த்தியைச் சோதிக்க அதுவே போதுமான காரணம்.

சரி, மகளுக்கு இதில் என்ன? அம்மாவுக்கோ அக்காவுக்கோ இயற்கையாகவே 45-க்குள் நின்றிருந்தால், இவளுக்கும் சீக்கிரம் நிற்கும் வாய்ப்பு கூடுதல். அம்மாவைப் பற்றித் தெரியாவிட்டால் பெரியம்மா, சித்தியைக் கேட்கலாம். குழந்தையைத் தள்ளிப்போட நினைப்பவர்களுக்கு இது முக்கியமான தகவல். ஏ.எம்.ஹெச் (சினைப்பையில் எவ்வளவு முட்டை மிச்சமிருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) டெஸ்ட் எடுத்தால் எந்த வருடம் நிற்கும் என்று தெரிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படித் துல்லியமாகச் சொல்ல அதனால் முடியாது.

நாற்பதுக்கு முன்பே நின்றுபோவது நூறில் ஒருவருக்காவது நடக்கிறது. நாலு மாதமாக வரவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் 'வரவழைக்கும்' மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே காலம் தள்ளாதீர்கள். கர்ப்பமா என்று பார்த்துவிட்டு, தைராய்டு, எஃப்.எஸ்.ஹெச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனை செய்ய வேண்டும். சினைப்பை ஓய்ந்துவிட்டது என்று உறுதியானால், தடையேதும் இல்லாதவர்களுக்குச் சுமார் 50 வயதுவரை ஹார்மோன் கொடுப்போம். உடனே "கேன்சர் வருமாமே" என்பார்கள். அந்தப் பயம் பெரிதும் ஹார்மோன் மாத்திரை பற்றி 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. முப்பதுகளில் இருப்பவருக்கு உடம்பில் இருக்க வேண்டிய ஹார்மோனைத் திருப்பித் தருவது வேறு கணக்கு.

அப்புறம், 'நின்னுடுச்சு' என்று கருத்தடையை விட்டுவிட்டு நாற்பத்தி நாலில் கர்ப்பமாகி வருபவர்களும் உண்டு. ஐம்பதுக்குள் நின்றால் கடைசி பீரியட்ஸுக்குப் பிறகு இரண்டு வருடம் கருத்தடை வேண்டும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வருடம். முழுசாக ஒரு வருடம் வராமல் இருந்து, பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.