டாரன்டுலா சாப்பிடவில்லையா? முதலில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள்

டாரன்டுலா என்ற பெரிய முடிச் சிலந்தியை வாங்கிய சில வாரங்களில் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "பத்து நாளா ஒண்ணுமே சாப்பிடல, செத்துடுமா?" வளர்ந்த சிலந்தி அவ்வளவு சீக்கிரம் பட்டினியால் சாகாது. சிலி நாட்டு ரோஸ் ஹேர் என்ற டாரன்டுலா இனம் மாதக்கணக்கில் இரையைத் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று பாய்ந்து பிடிக்கும். தண்ணீர் இல்லாமை, உயரத்திலிருந்து விழுதல், பூச்சிமருந்து ஆகிய மூன்றுக்கும்தான் பயப்பட வேண்டும்.

முதல் சிலந்தியாக, தரையில் வாழும் நிதானமான இனமாகப் பாருங்கள். கர்லி ஹேர், மெக்சிகன் ரெட் நீ, பிரேசிலியன் பிளாக் மூன்றுமே நல்லவை. எங்கள் ஓட்டு கர்லி ஹேருக்கு: நன்றாகச் சாப்பிடும், சிறு தவறுகளைத் தாங்கும். ஆனால் கையில் எடுத்து விளையாட அதுவும் ஏற்றதல்ல. அது உதறும் வயிற்று முடிகள் கண்ணில் பட்டால் கருவிழியில் குத்தி அழற்சி உண்டாக்கும். கூண்டைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

நீல நிறத்தில் மயங்கி போசிலோதேரியா மெட்டாலிகா என்ற டாரன்டுலாவைத் தேடுபவர்கள் உண்டு. ஆந்திரக் காட்டின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மிஞ்சியிருக்கும், அழிவின் விளிம்பிலுள்ள இனம் அது. நம்ம ஊர்ப் பெயரையே தாங்கிய 'சேலம் ஆர்னமென்டல்' அதன் உறவு. இவற்றுக்கு உதறும் முடி கிடையாது; மிரண்டால் மின்னலாய் ஓடும் அல்லது கடிக்கும். கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் படுத்தும். பழகாதவர்களுக்கு இது வேண்டாம், காட்டிலிருந்து பிடிப்பது யாருக்குமே வேண்டாம். போசிலோதேரியா, ரெட் நீயின் பிரேக்கிபெல்மா பேரினம் இரண்டும் சைட்டிஸ் எனப்படும், அரிய உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இந்தியாவில் அப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்போர், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். சிங்கப்பூரில் டாரன்டுலா வளர்ப்பதற்கே தடை.

கடையில் பெரிய சிலந்தி மலிவாகக் கிடைக்கிறதா? முன்பக்கச் சிறுகைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முதிர்ந்த ஆண். பெரும்பாலும் இன்னும் ஓரிரு ஆண்டுதான் உயிரோடு இருக்கும். பெண்ணோ 20 ஆண்டுகூட வாழும். குட்டியில் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. புதியவருக்கு 5 முதல் 7 செ.மீ. கால்விரிவுள்ள (விரித்த கால்களின் நுனிக்கு நுனி அளவு) இளம் சிலந்தியே தோது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் இரை போடாமல் விடுங்கள். பிறகு குட்டிக்கு வாரம் இருமுறை, இளசுக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்ததற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இரை அதன் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இரைக்காகவே வளர்க்கப்படும் டூபியா கரப்பான், கிரிக்கெட் பூச்சி, பறவைக் கடையில் கிடைக்கும் மீல்வார்ம் புழு எதுவும் சரி. மீல்வார்ம் மண்ணுக்குள் புகுந்துவிடும், தலையை நசுக்கிப் போடுங்கள். சமையலறைக் கரப்பான் மட்டும் வேண்டவே வேண்டாம். அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ!

24 மணி நேரத்தில் தொடாத இரையை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். வயிற்றில் முடி உதிர்ந்த வழுக்கைப் பகுதி கருத்து மினுமினுத்தால் சிலந்தி தோலுரிக்கப் போகிறது என்று பொருள். அந்த நேரத்தில் உள்ளே விட்ட கிரிக்கெட் சிலந்தியையே கடித்துக் குதறிவிடும். மல்லாந்து படுத்திருந்தால் சாகவில்லை, தோலுரிக்கிறது. தொடாதீர்கள், மணிக்கணக்கில் ஆகும். முடிந்ததும் விஷப்பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து, கடைசியில் கறுக்கும். கறுத்த பிறகே இரை. குட்டிக்கு நாலைந்து நாள், பெரியதற்குப் பத்து நாளுக்கு மேல்.

பயப்பட வேண்டியது, நிமிர்ந்தபடியே கால்களை உடலுக்கடியில் சுருட்டிக்கொண்டால்தான். முக்கிய மூட்டுகளை நீட்ட அதற்குத் தசை இல்லை, உடல் திரவத்தின் அழுத்தமே நீட்டுகிறது. நீர் வற்றினால் கால் மடங்கும். வாய் அடிப்பக்கம் இருப்பதால், முன்பகுதி மட்டும் நீரில் படும்படி சிலந்தியை ஆழமில்லாத கிண்ண விளிம்பில் மெல்ல வையுங்கள். கிண்ணத்தில் பஞ்சு போடாதீர்கள், அழுக்குதான் சேரும்.

கூண்டில் உரம் கலக்காத தேங்காய் நார்த்தூளை ஆழமாக நிரப்புங்கள். தூளுக்கும் மூடிக்கும் இடைவெளி கால்விரிவைப்போல் ஒன்றரை மடங்குக்குள் இருக்கட்டும். கொழுத்த வயிறு விழுந்தால் வெடிக்கும். கம்பிவலை மூடியில் கால்நகம் மாட்டித் தொங்கும், துளையிட்ட அக்ரிலிக் மூடியே நல்லது. அந்த அறையில் கொசுவர்த்தி, லிக்விட், பாச்சை உருண்டை எதுவும் கூடாது. கொசு தாங்கவில்லை என்றால் ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.