பி.ஆப்டம் முதலாண்டு: மாதம் 1,000 ரூபாய் எங்கே சிக்குகிறது?

தமிழ்நாட்டுக் கல்லூரியில் பி.ஆப்டம் (கண் பரிசோதனைப் பட்டப்படிப்பு) சேர்ந்திருக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம். வருமானச் சான்று தேவையில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. கண் பவரை அளக்கும் ரெட்டினோஸ்கோப் கருவி வாங்கவே பல ஆயிரம் ஆகும் படிப்பில் இதை விட்டுவிடாதீர்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளி, அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி. இதுதான் தகுதி. உதவிபெறும் பள்ளியிலேயே ஆங்கிலவழிப் பிரிவில் படித்திருந்தால் கிடையாது. ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்ட) இலவச இடத்தில் 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு 9-இல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு உண்டு. பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்கிவிடுங்கள். கல்லூரி தொடங்கிய பிறகு இதற்காக ஊருக்கு அலைய நேரம் கிடைக்காது.

பெரிய சிக்கல் வங்கியில். 'ஆதார் லிங்க் ஆயிடுச்சு' என்று கவுன்டரில் சொன்னால் நம்பி வராதீர்கள். கே.ஒய்.சி.க்கு (அடையாளச் சரிபார்ப்புக்கு) ஆதார் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதார் எண்ணைக் கணக்கோடு இணைக்கும் ஆதார் சீடிங் வேறு. சீடிங் படிவத்தைத் தனியாகக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் நீங்கள் கல்லூரியில் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்த வங்கி சீடிங் செய்ததோ அங்கே போகும். புது சிம் வாங்கியபோது திறந்துவைத்த பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்காகவும் அது இருக்கலாம். மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கிப் பெயரும் 'ஆக்டிவ்' என்பதும் தெரிய வேண்டும். ஆதாரில் பழைய செல் எண் இருந்தால் ஓ.டி.பி. வராது, முதலில் அதை மாற்றுங்கள்.

பள்ளியில் திறந்த கணக்கில் 2 ஆண்டுகள் நீங்களாகப் பணம் போடவோ எடுக்கவோ இல்லையென்றால் முடங்கியிருக்கலாம். 18 வயது முடிந்ததும் புதுக் கையெழுத்து, கே.ஒய்.சி. கொடுத்து அதை உயிர்ப்பியுங்கள்.

இனிஷியலையும் பாருங்கள். ஆதாரில் 'கவிதா எஸ்', மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கவிதா' என்று இருந்தால் அதைக் காட்டியே நிறுத்திவைக்கலாம்.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகிறது. கல்லூரியில் இதைக் கவனிக்கும் நோடல் அலுவலர் யாரென்று முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை 'ஏத்தியாச்சு' என்றால் திரையில் உங்கள் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே நகரவில்லை என்றால் பெண்கள் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். யாராக இருந்தாலும் முதல்வரின் உதவி எண் 1100-இல் புகார் பதியலாம். எங்கே போனாலும் சீடிங் பக்கத்தின் பிரின்ட் கையில் இருக்கட்டும். அதைப் பார்த்த பிறகு 'பேங்க்ல போய்க் கேளும்மா' என்று திருப்பி அனுப்ப முடியாது.