ரயிலிலிருந்து தவறி விழுந்தவருக்கு இழப்பீடு: எங்கே மடக்குவார்கள்?

ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து பயணி இறந்தால், குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய் தர ரயில்வே கடமைப்பட்டிருக்கிறது. காயம் என்றால் அதன் தன்மையைப் பொறுத்து, அட்டவணைப்படி தொகை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு இதைச் சொல்கிறது; இப்போதுள்ள தொகை 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரயில்வே தவறு செய்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. தற்கொலை, தானே ஏற்படுத்திக்கொண்ட காயம், சொந்தக் குற்றச்செயல், போதை, மனநோய், இயற்கையான நோய் ஆகியவற்றால் நேர்ந்தால் மட்டும் கிடையாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் மனுக்கள் தள்ளுபடியாகின்றன. பெரும்பாலும் காரணம், முதல் இரண்டு நாளில் யாரோ எழுதிய காகிதம்.

முதல் காகிதம் ஸ்டேஷன் மாஸ்டர் தரும் தகவல் குறிப்பு. ‘தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதி’ என்று அதில் இருந்தால், ரயில்வே போலீசின் எஃப்.ஐ.ஆரும் பிரேத விசாரணை அறிக்கையும் அதே வரியை அப்படியே சுமந்து வரும். பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லாமலேயே இப்படி எழுதிவிடுகிறார்கள். தண்டவாளத்தைக் கடந்தவர் அத்துமீறி நுழைந்தவராகிவிடுவார்; இழப்பீடு போய்விடும். ஆகவே வாக்குமூலத்தில் கையெழுத்திடும் முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கிருந்து எங்கே, எந்த வண்டியில் போனார் என்பது அதில் வர வேண்டும். வராவிட்டால் எழுதச் சொல்லுங்கள். அதே பெட்டியில் வந்தவர் யாராவது இருந்தால் அன்றே பெயரும் போன் நம்பரும் வாங்கிவிடுங்கள். பிறகு அவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

காயமடைந்தவருக்கு இதே இடத்தில் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். சேர்க்கும்போது கூட வந்தவர் பதற்றத்தில் ‘ரயில் அடித்துவிட்டது’ என்று சொன்னால் அதுவே பதிவாகும். ‘ரயிலிலிருந்து விழுந்தார்’ என்று சொல்லுங்கள், அதுதான் நடந்தது என்றால். ‘மது வாடை’ என்று குறித்திருந்தால், ரத்தப் பரிசோதனை செய்தார்களா, முடிவு எங்கே என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்த தடை டிக்கெட். ‘டிக்கெட் இல்லையா, அப்போ ஒன்றும் கிடைக்காது’ என்று கவுன்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். இது தவறு. யூனியன் ஆஃப் இந்தியா எதிர் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது இது: டிக்கெட் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் ஒருவர் முறையான பயணி இல்லை என்றாகிவிடாது. உறவினர் உரிய விவரங்களோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேக்கு மாறும். ஆனால் ரயில்வே இடத்தில் உடல் கிடந்தது என்பது மட்டுமே போதாது என்பதும் அதே தீர்ப்புதான். எனவே பிரேத விசாரணை அறிக்கையின் உடைமைப் பட்டியலைச் சரிபாருங்கள். பையில் இருந்த டிக்கெட் அந்தப் பட்டியலில் விடுபட்டால் பின்னால் காட்டினாலும் சந்தேகப்படுவார்கள். மொபைல் டிக்கெட் என்றால் அந்தப் போனையும் சிம்மையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள். சீசன் டிக்கெட் என்றால் அதோடு உள்ள அடையாள அட்டையும் வேண்டும்.

‘படியில் நின்றார், அவர் கவனக்குறைவு’ என்பது ரயில்வே தரப்பு விடாமல் எடுக்கும் வாதம். திறந்த கதவருகே நின்றது கவனக்குறைவாகவே இருந்தாலும் அது குற்றச்செயல் ஆகாது என்று 2010இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தாலும் இழப்பீடு உண்டு. டி.ஆர்.எம். (ரயில்வே கோட்ட மேலாளர்) அறிக்கையில் ‘சொந்தக் கவனக்குறைவு’ என்று இருப்பதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். அது ரயில்வே தன் ஆட்களைக் கொண்டே விசாரித்து எழுதிய அறிக்கை. தீர்ப்பு சொல்வது ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயம்.

மனு போடுபவர் யார் என்பதிலும் வழுக்குவார்கள். மனைவி, கணவன், மகன், மகள் நேரடியாகப் போடலாம். இறந்தவர் திருமணமாகாதவர் என்றால் பெற்றோரும் அப்படியே. திருமணமானவரின் பெற்றோர், அவரை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 18 வயது தாண்டிய அண்ணன் தம்பிக்குத் தகுதி கிடையாது. ஆபீஸ் ஆபீஸாக அலைவது அவராகவே இருக்கலாம். மனுதாரர் பெயராக அவர் பெயரைப் போடக் கூடாது. தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான்.

மனு போக வேண்டிய இடமும் அந்தத் தீர்ப்பாயம்தான். தமிழ்நாட்டுக்குச் சென்னை அமர்வு. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். தாண்டினால் தகுந்த காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். ஸ்டேஷனிலோ கோட்ட அலுவலகத்திலோ கொடுத்த கடிதம் மனு ஆகாது. ‘மேலே அனுப்பியிருக்கிறோம்’ என்ற பதிலைக் கேட்டுக்கொண்டே ஓராண்டைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். சம்பவத்தன்று தரும் கருணைத்தொகையும் இந்த இழப்பீடு அல்ல. அதை வாங்கிவிட்டதால் உரிமை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆன்லைனில் முன்பதிவு செய்தபோது காப்பீடு எடுத்திருந்தால் அதற்கான கோரிக்கை தனி.

சவக்கிடங்கு வாசலிலேயே ‘பாதிக்குப் பாதி’ என்று பேசும் தரகர்கள் வருவார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். தொகை மனுதாரரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, செக் புக் எதையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். மனு தள்ளுபடியானால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.