புற்றுநோய் கண்ட நாய்க்குச் சத்து மாத்திரை கொடுக்கலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒன்பது வயது லாப்ரடார் ஒன்றை என்னிடம் அழைத்து வந்தார்கள். தாடைக்குக் கீழும் பின்னங்கால் மடிப்பிலும் நெறி கட்டி எலுமிச்சம்பழ அளவுக்குத் திரண்டிருந்தது. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பரிசோதித்ததில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதை வளர்க்கும் அம்மா ஒரு துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார்: மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை, கால்சியம் சிரப், மஞ்சள் மாத்திரை, ஒரு காளான் பொடி. "எல்லாத்தையும் தவறாமக் குடுக்குறேன் டாக்டர். ஆனா ஓயாமத் தண்ணி குடிக்கிறான், பாதிச் சாப்பாட்டை மீதி வெச்சிடுறான்" என்றார்.

அந்த ஓயாத தாகம்தான் என்னை உடனே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வைத்தது. லிம்போமா உள்ள சில நாய்களில், கட்டியே சுரக்கும் ஒரு புரதத்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பழுதாகும். இந்த நாய்க்கும் கால்சியம் ஏறியிருந்தது. அந்த நிலையில் கால்சியம் சிரப்பையும், வைட்டமின் டி செறிந்த மீன் ஈரல் எண்ணெயையும் தொடர்வது ஆபத்தை வலியப் போய் வாங்குவதாகும். அன்றே இரண்டையும் நிறுத்திவிட்டு டிரிப்ஸ் ஏற்றினோம்.

மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல என்பதை நான் ஏறக்குறைய வாரந்தோறும் யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது. ஓரளவு சான்று இருப்பது மீனின் சதையிலிருந்து எடுக்கும், ஒமேகா-3 நிறைந்த எண்ணெய்க்குத்தான். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், லிம்போமா உள்ள 32 நாய்களுக்கு டாக்ஸோரூபிசின் என்ற கீமோதெரபி ஊசியுடன் சேர்த்து, ஒரு பிரிவுக்கு மீன் எண்ணெயும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலமும் கலந்த உணவு கொடுத்தார்கள். அவற்றுள் நோயின் மூன்றாம் நிலையில் இருந்த நாய்களுக்கு, இரத்தத்தில் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு கூடக் கூட, நோய் அடங்கியிருந்த காலமும் ஆயுளும் நீண்டிருந்தன. அத்தனை நாய்களுக்கும் கீமோதெரபி நடந்தது என்பதை மறந்துவிட்டு, எண்ணெய் மட்டுமே நோயைக் குணமாக்கியதாக இந்த ஆய்வைப் படிக்கக் கூடாது. அளவு மீறினால் மலம் இளகும், கணையம் வீங்கக்கூடும், இரத்தம் உறைவதும் தாமதமாகலாம். ஆகவே அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காளான் பொடியின் கதை வேறு. மண்ணீரலில் வரும் ஹெமாஞ்சியோசார்கோமா என்ற கொடிய புற்றுநோய்க்கு, டர்க்கி டெய்ல் காளானின் சாறு உதவலாம் என்று 2012-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 15 நாய்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. பிறகு 101 நாய்களை வைத்துச் செய்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், தனியாகக் கொடுத்தாலும் டாக்ஸோரூபிசினுடன் சேர்த்துக் கொடுத்தாலும் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. விளம்பரங்கள் முதல் ஆய்வைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருள் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. கீமோதெரபி, கதிர்வீச்சு நடக்கும் நாட்களில் ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பு (ஆன்டிஆக்ஸிடன்ட்) மாத்திரைகளை அதிக அளவில் கொடுத்தால், அவை புற்றணுக்களுக்கும் காப்பாகிவிடலாம் என்ற கவலை இருப்பதால் நான் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறேன். மனிதர்களுக்கான மாத்திரை என்றால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

நாட்டு நாய்களில் இனச்சேர்க்கையால் பரவும் டிவிடி (TVT) என்ற புற்றுக்கட்டிக்கு வாரம் ஒரு வின்கிரிஸ்டின் என்ற கீமோதெரபி ஊசி போட்டால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே கட்டி கரைந்துவிடும். அப்படிப்பட்ட கட்டியையும் பொடி, தைலம் என்று மாதக்கணக்கில் வளரவிட்டு, இரத்தம் சொட்டச் சொட்டத் தூக்கி வருகிறார்கள்.

அந்த லாப்ரடாருக்குக் கால்சியம் இறங்கியதும் கீமோதெரபி தொடங்கினோம். கசக்கும் காளான் பொடியைச் சோற்றில் பிசைவதை அந்த அம்மா நிறுத்திய அன்று, கோழிக்கறிச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் நக்கித் தட்டையும் தள்ளிக்கொண்டு போனதாம். அதன் எடைக்கு அளந்து கொடுத்த மீன் எண்ணெய் மட்டும் இப்போது தொடர்கிறது.