எலுமிச்சையை மூஞ்சில தேய்க்காதீங்க, தக்காளியை வதக்கி சாப்பிடுங்க

நான் தோல் டாக்டர். போன மே மாசம் ரோட்டோர சர்பத் கடைக்காரர் ஒருத்தர் வந்தார், வலது கையில விரல் இடுக்குல ஆரம்பிச்சு மணிக்கட்டு வரைக்கும் ஏதோ வழிஞ்ச மாதிரியே கோடு கோடா கருத்துப் போயிருக்கு, ரெண்டு இடத்துல கொப்புளம் வேற. கொதிக்கிற எண்ணெய் பட்டுச்சாண்ணேன்னு கேட்டா இல்லவே இல்லைங்கறார். நாள் பூரா எலுமிச்சம்பழம் பிழியறார், அந்த ஈரக் கையோடயே வெயில்ல நிக்கிறார், அதான் விஷயம். எலுமிச்சையில, முக்கியமா அதோட தோல்ல, சோராலென் வகையைச் சேர்ந்த பொருள் இருக்கு, அது நம்ம மேல பட்டு அதுக்கு மேல வெயிலும் விழுந்தா வெந்து போயிரும். உடனே தெரியாது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் கிளம்பும், அதனால யாரும் எலுமிச்சையை சந்தேகப்படறதே இல்ல. நலங்கு மாவுல போடற கார்போகரிசியிலயும் இதே சோராலென்தான் இருக்கு, பூசிட்டு வெயில்ல போனா இதே கதி.

டான் போகும்னு யாரோ ரீல்ஸ்ல சொன்னாங்கன்னு காலைல எலுமிச்சையைத் தேய்ச்சுட்டு ஸ்கூட்டி எடுக்கறவங்களுக்காகத்தான் இதை சொல்றேன்.

அப்ப என்னதான் செய்யறது டாக்டர்னா, உள்ள சாப்பிடுங்க. ஜெர்மனியில ஒரு ஆய்வு பண்ணாங்க, 2001ல வந்துச்சு. தினமும் 40 கிராம் தக்காளி பேஸ்ட்டை 10 கிராம் ஆலிவ் ஆயிலோட சாப்பிட வச்சு, தோல்ல புற ஊதா கதிரை அடிச்சுப் பாத்தாங்க. நாலு வாரத்துல ஒரு வித்தியாசமும் இல்ல, பத்து வாரத்துல பாத்தா சாப்பிடாதவங்களைவிட சிவந்து போறது 40 சதவீதம் கம்மி. சின்ன ஆய்வுதான், ஆனா அதுல நமக்கு ரெண்டு விஷயம் கிடைக்குது.

ஒண்ணு, தக்காளியைப் பச்சையா கடிக்கிறதைவிட எண்ணெய் விட்டு சுண்ட வதக்கினா அதுக்கு சிவப்பு நிறம் குடுக்கற லைகோபீன்ங்கற பொருள் உடம்புல நல்லா சேரும், அதாவது நம்ம வீட்டுத் தக்காளித் தொக்கு! ஆலிவ் ஆயில் தேடி அலைய வேண்டாம், நல்லெண்ணெய் போதும், பிபி இருக்கறவங்க உப்பை மட்டும் பாத்துப் போடுங்க. ரெண்டாவது, பத்து வாரம். கத்திரி மே 4 வாக்குல ஆரம்பிக்குது, அன்னைக்கு முழிச்சுக்கிட்டு தக்காளி வாங்கினா அது வேலைக்கு வரும்போது ஆடி மாசம் நெருங்கிரும். மாசியிலேயே ஆரம்பிச்சிருக்கணும். தர்பூசணி, சிவப்புக் கொய்யாவுலயும் லைகோபீன் இருக்கு, பப்பாளி, கேரட், முருங்கைக்கீரையில பீட்டா கரோட்டின்னு ஒரு நிறமி இருக்கு, எது கிடைக்குதோ மாத்தி மாத்தி சாப்பிடுங்க.

கேரட்னு சொன்னதும் ஞாபகம் வருது, டெய்லி ரெண்டு டம்ளர் கேரட் ஜூஸ் குடிச்சு உள்ளங்கை மஞ்சளாகி மஞ்சக்காமாலைன்னு அழுதுக்கிட்டே வந்தாங்க ஒரு அம்மா, கண்ணு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, காமாலையா இருந்தா கண்ணுதான் மொதல்ல மஞ்சளாகும், ஜூஸை நிறுத்துங்கன்னு சொல்லி அனுப்பினேன். இது பயப்பட வேண்டியதில்ல. ஆனா சாப்பாட்டுக்குப் பதிலா பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கி முழுங்கறதுதான் எனக்குப் பிடிக்காது, அதுவும் சிகரெட் பிடிக்கறவங்க தொடவே கூடாது. ஃபின்லாந்துல புகைபிடிக்கிற ஆண்களுக்கு அந்த மாத்திரையைக் குடுத்துப் பாத்தப்ப நுரையீரல் புற்றுநோய் கூடித்தான் போச்சு, 1994ல வந்த ரிசல்ட் அது.

தொக்கு சாப்பிட்டோம், இனி சன்ஸ்கிரீன் எதுக்குன்னு கேக்காதீங்க, அடிக்க வந்துருவேன். எஸ்பிஎஃப் 30னு போட்ட சன்ஸ்கிரீனை ஒழுங்கா தடவினா தோலை சிவக்க வைக்கிற கதிர்ல 97 சதவீதம் தடுக்கும், தக்காளி அது பக்கத்துலகூட வராது. தொப்பி, குடை, முழுக்கை சட்டை எல்லாம் வேணும், தொக்கு அதுக்கு மேல ஒரு கொசுறு.

சர்பத் அண்ணன் கையில அந்தக் கருப்பு மங்கறதுக்கு மாசக்கணக்கா ஆச்சு. இப்ப பழம் பிழியற மெஷின் வாங்கிட்டாராம், ஆனா பக்கெட்ல தண்ணி வச்சு அப்பப்ப சோப்பு போட்டு கையைக் கழுவுங்கண்ணேன்னு சொன்னா மட்டும் சிரிச்சுட்டே போயிடறார்.