பழைய லேப்டாப்பில் எது பழையதாகிறது?

லேப்டாப் ஆறேழு வருடம் ஓடிவிட்டால் இரண்டு புகார்கள் ஜோடியாக வரும். திரை மினுக்குகிறது, எதைத் திறந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'அதுக்கு வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடு' என்று வீட்டில் சொல்வார்கள். கடைக்காரரும் பெரும்பாலும் அதையேதான் வேறு வார்த்தையில் சொல்வார்.

உண்மையில் புராசஸருக்கு அப்படி வயதாவதில்லை. அதற்குள் தேய்வதற்கு நகரும் பாகம் எதுவும் கிடையாது. அதன் வேகத்துக்குத் தாளம் போடுவது போர்டில் இருக்கும் ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். 2014-இல் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய புராசஸர், ஓட விட்டால், இன்றைக்கும் அதே வேகத்தில் ஓடும். வயதாவதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவைதான்: மடங்கும் ஒயர், சுழலும் தட்டு, காயும் பேஸ்ட், ஊதும் பேட்டரி. இவற்றில் பலவற்றைக் கழற்றி மாற்றலாம். எது போயிருக்கிறது என்பதை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே பெரும்பாலும் கண்டுபிடித்தும் விடலாம்.

முதலில் திரை. நீங்கள் பார்க்கும் படம் நீண்ட வழி நடந்து வருகிறது. விண்டோஸ் சொல்வதை டிரைவர் என்ற மென்பொருள் மொழிபெயர்க்கிறது. கிராஃபிக்ஸ் சிப் படத்தை வரைகிறது. அது டிஸ்ப்ளே கேபிள் வழியாகப் பேனலுக்குப் போகிறது. பேனலின் அடியில் உள்ள குட்டி சர்க்யூட் அதைப் புள்ளி புள்ளியாகத் திரவப் படிகத்தின் மேல் பிரித்துக் கொடுக்கிறது. பின்னால் எல்இடி வரிசை வெளிச்சம் போடுகிறது. இதில் எந்த இடத்தில் கோளாறு என்றாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே மினுக்கல்தான். அதனால் வழியை இரண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும்.

மெஷினை ஆன் செய்த கையோடு எஃப்2 அல்லது டெலீட் பொத்தானைத் தட்டித் தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பொத்தான் மாறும். அந்த நேரத்தில் விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. அங்கேயும் மினுக்கினால் கோளாறு வன்பொருளில். இனி விண்டோஸை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. அதற்காக யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அடுத்து, எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை மாட்டிப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்து லேப்டாப் திரை மட்டும் துடித்தால் கேபிளோ பேனலோதான் காரணம். இரண்டிலும் துடித்தால் கிராஃபிக்ஸ் பக்கம் போக வேண்டும்.

பயாஸில் சுத்தமாக இருந்து விண்டோஸுக்குள் மட்டும் மினுக்கினால், மைக்ரோசாஃப்டே சொல்லும் ஒரு சோதனை உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். திரையோடு சேர்ந்து அந்தச் சன்னலும் மினுக்கினால் டிரைவர் கோளாறு. சுற்றிலும் மினுக்க, அது மட்டும் அசையாமல் நின்றால், ஒத்துப்போகாத ஏதோ ஒரு செயலி.

சரி, வன்பொருள்தான் என்று ஆகிவிட்டால் பெரும்பாலும் மாட்டுவது டிஸ்ப்ளே கேபிள். கீழ்ப்பாதியில் உள்ள போர்டிலிருந்து மூடிக்குள் இருக்கும் பேனலுக்குப் போக ஹிஞ்ச், அதாவது மூடி திரும்பும் கீல், வழியை விட்டால் அதற்கு வேறு வழி இல்லை. பேனலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் தெரியும்: கறுப்புத் துணி டேப் சுற்றிய ஒரு கற்றை, ஹிஞ்சை ஒட்டி வளைந்து ஏறுகிறது. அதற்குள் தலைமுடிப் பருமனில் செப்புக் கம்பிகள். ஒரு நாளைக்குப் பத்து முறை மூடித் திறந்தால் ஏழு வருடத்தில் இருபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் அதே இடத்தில் வளைந்திருக்கும். ஒவ்வொரு வளைவிலும் செம்பு கொஞ்சம் இறுகுகிறது, நுண்ணிய விரிசல் விழுகிறது, விரிசல் நீள்கிறது. ஒருநாள் கம்பி உள்ளுக்குள் அறுந்துவிடும். ஆனால் அறுந்த முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டேதான் இருக்கும், ஒரு கோணத்தில் மட்டும். அதனால்தான் திரையை 100 டிகிரியில் வைத்தால் ஒழுங்காக இருக்கிறது, கொஞ்சம் சாய்த்தால் ஆட்டம் போடுகிறது. மூடியை மெதுவாக அசைக்கும்போது மினுக்கல் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் கேபிளுக்கான சோதனை.

அந்தக் கேபிள் சுமப்பதும் லேசான சுமை இல்லை. 1366×768 திரை என்றால் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட் நிறம், விநாடிக்கு 60 படம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 150 கோடி பிட். கம்பிகளில் ஒன்று ஓரிரு மைக்ரோ விநாடி விட்டுப் பிடித்தால்கூட ஆயிரக்கணக்கில் பிட்டுகள் காணாமல் போய்விடும். நிறப் புள்ளிகள் தெறிப்பதும் திரை முழுக்க வெள்ளையாவதும் அதனால்தான்.

அதே கற்றையில்தான் பின்வெளிச்சத்துக்கான மின்சாரமும் போகிறது. விட்டுப் பிடிப்பது அந்தக் கம்பி என்றால் அடையாளம் வேறு: படம் கலையாது, வெளிச்சம் மட்டும் போய்ப் போய் வரும். திரை கறுத்திருக்கும் நேரத்தில் மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது. மூடியை எப்படி ஆட்டினாலும் மாறாமல் மேலிருந்து கீழாக ஒரு கோடு நின்றால் அது பேனலின் ஓரத்து இணைப்பு விட்டுப்போனது. அதைச் சரிசெய்கிறேன் என்று மெனக்கெட வேண்டாம், பேனலையே மாற்றிவிடலாம். கேபிள் பேனலைவிட எவ்வளவோ மலிவு. ஆகவே பேனலுக்கு விலை பேசும் முன் கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்பதில் தப்பில்லை.

கோளாறே இல்லாத மினுக்கல்களும் உண்டு. வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல பேனல்கள் எல்இடியை மங்கலாக்குவதில்லை. விநாடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்து எரிய விடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலி மட்டும் வரும். மொபைல் கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடும். வெளிச்சத்தை முழுதாக ஏற்றினால் அவை மறைந்துவிடும். பேட்டரியில் ஓடும்போது மட்டும், கறுப்புப் பக்கத்திலிருந்து வெள்ளைப் பக்கத்துக்குப் போனதும் வெளிச்சம் தானாக ஏறி இறங்குகிறதா? அது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. கிராஃபிக்ஸ் அமைப்புக்குள் போய் அணைத்துவிடலாம்.

அப்புறம் வேகம். இங்கே பார்க்க வேண்டியது எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பதைவிட எப்போது மெதுவாகிறது என்பது. ஆன் செய்ததும் பத்து நிமிடம் இழுத்துவிட்டு அப்புறம் சுமாராக ஓடினால் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல். முதலில் நன்றாக ஓடி, பத்து நிமிடத்தில் ஃபேன் இரைந்து, பிறகு படுத்துவிட்டால் சூடு. பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்ததும் நின்றுபோனால் ரேம், அதாவது தற்காலிக நினைவகம். எந்நேரமும், ஒன்றுமே திறக்காதபோதும் ஆமை வேகம் என்றால் புராசஸரை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கின் கணக்கு எளிது. லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது விநாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேவையான இடம் படிக்கும் முள்ளுக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், ஐந்தரை மில்லி விநாடி. அதற்கு முன் முள் சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னொரு 12 மில்லி விநாடி. ஆக, ஒரு சின்னத் துண்டைத் தேடி எடுக்கச் சுமார் 17 மில்லி விநாடி. விநாடிக்கு அறுபது துண்டுதான். விண்டோஸ் எழுந்து நிற்க இப்படிச் சிதறிக் கிடக்கும் துண்டுகள் ஆயிரக்கணக்கில் தேவை. புதிதாக வாங்கியபோதும் டிஸ்க்கின் வேகம் இதேதான். கூடியிருப்பது நாம் கேட்கும் துண்டுகளின் எண்ணிக்கை. சிப்புகளிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் ஒன்றும் இல்லாததால் அதே வேலை ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். பழைய லேப்டாப்புக்குச் செலவு செய்வதென்றால் என் ஓட்டு முதலில் எஸ்எஸ்டிக்குத்தான்.

டிஸ்க் தேய்ந்தும் மெதுவாகலாம். ஒரு செக்டரை, அதாவது தட்டின் ஒரு சின்னப் பகுதியை, படிக்க முடியாவிட்டால் டிஸ்க் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப முயலும். அந்தச் சில விநாடிகள் மொத்த மெஷினும் உறைந்து நிற்கும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் நோயேட்டைப் படித்துக் காட்டும். அதில் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்று வரும் இரண்டு வரிகளில் மஞ்சள் நிறம் வந்துவிட்டால், வேகத்தைப் பற்றிய கவலையை நிறுத்திவிட்டு அன்றே புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

ரேம் போதாவிட்டால் அதுவும் டிஸ்க் தலையில்தான் விடியும். 4 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்து நெருக்கினால், உடனே தேவைப்படாததை எடுத்து டிஸ்க்கில் எழுதிவிட்டு, கேட்கும்போது திரும்ப வாசிக்கிறது சிஸ்டம். ரேமில் ஒன்றை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி. ஹார்ட் டிஸ்க்கில் 17 மில்லி விநாடி. ஒன்றரை லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ரேம் வாங்கும்போது டிடிஆர்3 என்று ரகத்தை மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். 2013-க்குப் பிந்தைய பல லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும், 1.5 வோல்ட் ரகத்தைப் போட்டால் ஆன் ஆகாமலே போகலாம்.

சூட்டின் கதை வேறு. புராசஸருக்கும் செப்புக் குழாய்க்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட் சில வருடங்களில் காய்ந்து வெடிக்கும். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்து காற்றை அடைத்துவிடும். பல புராசஸர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: அடிப்படை வேகம் 2.4 என்று எழுதியிருக்க, வேலை நடக்கும்போது 0.8-இல் நின்றால் ஏதோ ஒன்று அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

அந்த ஏதோ ஒன்று சூடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சில நிறுவனங்களின் சார்ஜரில் நடு ஊசி ஒன்று இருக்கும். தான் எத்தனை வாட் என்று சார்ஜர் லேப்டாப்பிடம் சொல்வது அதன் வழியாகத்தான். அந்த மெல்லிய கம்பி அறுந்துவிட்டால் மின்சாரம் வரும், அடையாளம் வராது. லேப்டாப் பயந்துபோய் பேட்டரியை ஏற்றாது, புராசஸரையும் அடக்கி வைத்துவிடும். சார்ஜரைக் கழற்றினால் வேகம் கூடுகிறது என்ற விசித்திரமான புகாருக்குக் காரணம் பல நேரம் இதுதான். கையோடு டச் பேடையும் தடவிப் பாருங்கள். மேடாகத் தூக்கியிருந்தால் பேட்டரி ஊதியிருக்கிறது. அழுத்தவோ குத்தவோ வேண்டாம், ஆஃப் செய்துவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள்.

இரண்டு புகாருக்கும் ஒரே காரணம் என்பது குறைவு. ஆனால் நடக்கும். கிராஃபிக்ஸ் டிரைவர் கெட்டுப்போனால் விண்டோஸ் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற ஒப்புக்குச் சப்பாணிக்கு மாறிவிடும். அப்போது திரையில் வரையும் வேலை முழுவதும் புராசஸர் தலையில். வீடியோ திக்கும், பக்கத்தை உருட்டினால் படம் கிழியும், எல்லாமே மெதுவாகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையே காணாமல் போயிருக்கும். எளிய அடையாளம் அதுதான். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயர் இருந்தால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கிப் போட்டால் போதும், இரண்டு புகாரும் ஒன்றாகத் தீர்ந்துவிடும்.

இன்னொரு பொதுக் காரணம் இத்தனை எளிதல்ல. தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள மெஷின்களில், சிப்பை அதன் பலகையோடு (மதர்போர்டு அல்ல, சிப்புக்கு அடியில் உள்ள சொந்தக் குட்டிப் பலகை) இணைக்கும் ஈயக் குமிழ்கள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிசல் விடும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்புகளில் வழக்கத்தைவிட அதிகமாக இந்த மாதிரிப் பழுது வருவதாக அறிவித்து, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டியிருந்தது. இந்தப் பழுதில் மினுக்கல் டிவியிலும் தெரியும், பயாஸிலும் தெரியும், சூடு ஏற ஏற மோசமாகும்.

சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த இடங்களில் இதற்கு இரண்டு வைத்தியம் சொல்வார்கள். ஒன்று 'ஹீட் கொடுப்பது': சிப்பின் மேல் சூடான காற்றை அடிப்பது. விரிவதில் விரிசல் தற்காலிகமாக ஒட்டும். மெஷின் அன்றைக்கே உயிர் பெற்று, சில வாரத்திலோ மாதத்திலோ மறுபடி விழும். இன்னொன்று ரீபாலிங்: சிப்பைக் கழற்றி, அதன் பலகைக்கு அடியில் புது ஈய உருண்டைகள் வைத்துத் திரும்பப் பதிப்பது. இதற்கு நேரமும் காசும் கூடுதல். விரிசல் சிப்புக்கும் அதன் பலகைக்கும் நடுவே இருந்தால் இதுவும் உதவாது, புதுச் சிப்தான் வேண்டும். எதைச் செய்யப் போகிறார்கள், எத்தனை மாத வாரண்டி என்பதை முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் உயிர் பெற்று வந்த அன்றே டேட்டாவை நகல் எடுத்துவிடுங்கள்.