கேட் பூட்டுவதற்கு முன்பே வரவேண்டிய சட்டம்

போன வருடம் ஒரு அக்கா ஷொப்பிங் பேக் ஒன்றோடு கொழும்புப் புதுக்கடையில் உள்ள என் சட்டத்தரணி அறைக்கு வந்தார். வத்தளைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 17 வருட வேலை. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சம்பளச் சீட்டுகள், ஈபிஎப் பி கார்ட், வங்கிப் புத்தகம் என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். கடைசியாக வந்தது நான்காக மடித்த ஒரு தாள். சிங்களத்தில் தட்டச்சு செய்த கடிதம், கீழே அவருடைய கையெழுத்து. "கணக்கு முடிக்க சைன் வைக்கச் சொன்னாங்க மிஸ்" என்றார். அக்காவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கடிதத்தில் இருந்தது இதுதான்: சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் எனக்கு இல்லை.

அந்த ஒரு தாளின் விலையைப் பாருங்கள். இலங்கையில் ஊழியத்தை முடிவுறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். தொழிற்சாலையை மூடினாலும் இதே கதைதான். ஆணையாளர் நட்டஈடு தீர்மானிக்க ஒரு வாய்பாடு இருக்கிறது: முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை இரண்டு மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை. 17 வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 35 மாதச் சம்பளம். மாதம் 45,000 ரூபா என்று வையுங்கள், 15 இலட்சத்து 75 ஆயிரம் வருகிறது. அக்காவுக்குக் கிடைத்ததோ பணிக்கொடை மட்டும். வருடத்துக்கு அரை மாதம் வீதம் எட்டரை மாதச் சம்பளம். இடையில் இருக்கும் கிட்டத்தட்ட பன்னிரண்டு இலட்சம் ரூபா வித்தியாசம் அந்தக் கையெழுத்துக்குள் போய்விட்டது.

இப்படியான முறைப்பாட்டை வேலை நின்று 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அக்கா ஐந்தாவது மாதத்தில் வந்தார். விசாரணை இன்னும் நாரஹேன்பிட்டவில் உள்ள தொழில் திணைக்களத்தில் நடக்கிறது.

ஆனால் இதை எழுத வைத்தவர் அக்கா இல்லை, அவரைக் கூட்டிவந்த ஒரு முஸ்லிம் நானா. தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். ஒரு நாளைக்கு 80 லஞ்ச் பெக்கட் போகுமாம். எல்லாம் பேசி முடிந்த பிறகு, கதவடியில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்: "எனக்கும் ஏதாவது கேஸ் போடலாமா மிஸ்?" போட முடியாது. எங்கள் சட்டத்துக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவரை மட்டும்தான் தெரியும். போர்டிங் வீடு கொடுத்தவர், ஆட்களை ஏற்றி இறக்கிய வேன்காரர், ஏஜென்சி ஊடாக வந்த கூலியாட்கள் எல்லாம் கணக்கில் வரமாட்டார்கள்.

நானாவின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் தேடிய இடம் ஒன்று உண்டென்றால், அது நிலக்கரிச் சுரங்க ஊர்கள். சுரங்கம் மூடினால் அங்கே ஒரு தொழிற்சாலை மட்டும் மூடுவதில்லை, ஊரே மூடுகிறது. பிரித்தானியாவில் 1984–85 வேலைநிறுத்தம் தோற்ற பிறகு சுரங்கங்கள் மளமளவென்று மூடப்பட்டன. ஆட்களுக்கு விலகல் பணம் கிடைத்தது. சுரங்க ஊர்களை மீட்பதற்கான அறக்கட்டளை அமைந்தது 1999இல். அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

ஜெர்மனி வேறு வழியில் போனது. கருநிலக்கரிக்கான மானியத்தை 2018இல் நிறுத்துவதென்று 2007இலேயே சட்டம் போட்டார்கள். பதினோரு வருட அவகாசம். நிலத்தடியில் வேலை செய்தோருக்கு 50 வயதிலிருந்து, ஓய்வூதியம் தொடங்கும் வரை இடைக்காலக் கொடுப்பனவு. இளையவர்களுக்கு வேறு சுரங்கம் அல்லது வேறு தொழிற்பயிற்சி. 2018 டிசம்பரில் பொட்ரொப் நகரில் இருந்த, நாட்டின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடியது. பழுப்பு நிலக்கரியை 2038க்குள் விடுவதற்கு 2020இல் இன்னொரு சட்டம் வந்தது. அதோடு சேர்த்து, பாதிக்கப்படும் பிரதேசங்களைப் பெயர் குறித்து 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கினார்கள். பணம் ஆளின் பெயரில் இல்லை, ஊரின் பெயரில். அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. கெல்சன்கிர்ஷன் போன்ற பழைய சுரங்க நகரங்களில் இன்றும் வேலையின்மை அதிகம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2019இல் இதற்கென்றே ஒரு அலுவலகத்தைச் சட்டத்தால் அமைத்தது. அதில் எனக்குப் பிடித்தது வரைவிலக்கணம்தான். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் பொருள் வழங்கும், ஏற்றி இறக்கும் வேலையில் இருப்பவர்களும் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களாக அதில் வருகிறார்கள். வேன்காரருக்கு ஒரு வழி இருக்கிறது. நானாவுக்கு அங்கும் நேரடியாக இல்லை, ஊருக்கு வரும் திட்டத்தில்தான் பங்கு.

"அவங்ககிட்ட காசு இருக்கு, எங்ககிட்ட எங்க?" என்று ஒரு சக சட்டத்தரணி என்னை மடக்கினார். சரி. காசு இல்லை என்றே வைப்போம். ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் அனல்மின் நிலையம் மூடப்போவதாக 2016 நவம்பரில் அறிவித்து 2017 மார்ச்சில் மூடிவிட்டது. ஐந்தே மாதம். பட்டறிவு வந்த பிறகு, பெரிய மின் நிலையங்கள் மூடுவதற்குக் குறைந்தது மூன்று வருடங்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். முன்னறிவித்தல் கொடுக்கச் சொல்வதற்குத் திறைசேரியிலிருந்து ஒரு சதம் வேண்டுமா?

எங்களிடம் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கிறது, 900 மெகாவாற். முதல் அலகு 2011இல் தொடங்கியது. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் கரிக்கப்பல்கள் பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வரும், பார்ஜ் வைத்து இறக்குவார்கள். நிலையத்துக்கும் ஒரு நாள் வயதாகும். நிரந்தர ஊழியரிடம் நியமனக் கடிதம் இருக்கும். ஒப்பந்தக்காரர் ஊடாக வருபவருக்கும், வாசலில் பிளேன்ரீ விற்பவருக்கும் எந்தச் சட்டம்? யோசிக்க இன்னும் வருடங்கள் இருக்கின்றன. ஜெர்மனி எடுத்த பதினோரு வருடத்தை நாங்களும் எடுக்கலாம்.

அதுவரை உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது இருக்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் கடிதம் தந்தால் கையெழுத்து வைக்காதீர்கள், ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு "நாளைக்குச் சொல்றேன்" என்று வாருங்கள். 'விருப்பம்', 'சம்மதம்', 'முழுமையான இறுதிக் கொடுப்பனவு' என்ற மாதிரிச் சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால் வேலை நின்ற திகதியைப் பாருங்கள், 6 மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நானா இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். போன வாரம் புதுக்கடைச் சந்தியில் என்னைக் கண்டு நிறுத்தினார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அக்காவின் கேஸ் எந்தளவில் நிற்கிறது என்று மட்டும் கேட்டார்.